விருந்தினராய்ச் செல்லும் ஓவியர்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுப் பெங்களூரில் குடியேறியவர் நாம். கலையின் பொருட்டுச் சில திங்கள் மட்டும் அயல்மண்ணில் குடியிருப்போரும் உளர். ஓவியரையோ சிற்பியையோ வேற்றூருக்கு அழைத்து, தங்க அறையும் பணிபுரியக் கூடமும் தந்து, விரும்பியவாறு படைத்துக்கொள்ள விடுவதை 'ரெசிடென்சி' என்பர்.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. நம் சாந்தி நகரிலேயே '1, சாந்தி ரோடு' என்னும் கலை இல்லம் இருக்கிறது. ஓவியரும் கலை வரலாற்று அறிஞருமான சுரேஷ் ஜெயராம் 2003-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். உள்நாட்டுக் கலைஞரும் வெளிநாட்டுக் கலைஞரும் அங்கே தங்கிப் படைக்கின்றனர். படைத்தவற்றைக் காட்சிக்கு வைத்து, காண வருவோருடன் உரையாடுகின்றனர்.

அயல்நாடு செல்லும் கலைஞர் அயலார் கலையையே கற்றுத் திரும்புவர் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதற்குப் பசிபிக் தீவு மக்களே சான்று. சமோவா, டோங்கா, நியுவே முதலிய தீவுகளிலிருந்து நியூசிலாந்தில் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களும் நம்மைப் போன்றவர்களே. 2006 முதல் 2008 வரை இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 'பசிபிகா ஸ்டைல்ஸ்' என்னும் கண்காட்சி நடைபெற்றது. அதனை அமைத்தவருள் ஒருவர் சமோவா மரபினரான ரோசானா ரேமண்ட். நியூசிலாந்துக் கலைஞர் பலர் அங்குச் சென்று தங்கிப் பணிபுரிந்தனர். கேப்டன் குக்கின் கடற்பயணங்களில் திரட்டப்பட்ட தீவுப் பொருள்களின் அருகிலேயே அவர்தம் புதிய படைப்புகளும் வைக்கப்பட்டன. முன்னோர் கைவேலையைக் காணப் பேரப்பிள்ளைகள் கடல் கடக்க வேண்டியிருந்தது!

நியுவேத் தீவின் 'ஹியாபோ'வும் இத்தகையதே. மரப்பட்டையை அடித்து மெல்லிய துணியாக்கி, அதன்மேல் செடிகொடிகளைக் கையாலேயே வரையும் கலை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது தீவில் அருகிப்போயிற்று. எஞ்சியவற்றுள் பல அருங்காட்சியகங்களில் அடைக்கலம் புகுந்தன. 1962-இல் நியுவேயில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஆக்லாந்தில் குடியேறிய ஓவியர் ஜான் புலே அவற்றைத் தேடிக் கண்டு, அம்மரபினின்று தம் ஓவியத்தை வளர்த்தார். நிக்கோலஸ் தாமஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து 2005-இல் ஹியாபோவைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

நம் ஊரிலும் இத்தகைய ஒருவர் உளர். 1957-இல் பத்ராவதியில் பிறந்த ஷீலா கௌடா, பெங்களூர்க் கென் கலைப்பள்ளியிலும் சாந்திநிகேதனத்திலும் பயின்று, பின்னர் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் 1986-இல் பட்டம் பெற்றார். அவர் சென்றது கல்வியின் பொருட்டு. எனினும் திரும்பிய பின்னர், 1990-களில், அவர் கையில் எடுத்தது எது? வாசல் மெழுகும் சாணம்! 1998-இல் ஊசிகளும் நூலும் குங்குமமும் கொண்டு அவர் செய்த படைப்பு உலகறிந்தது. சாணமும் குங்குமமும் எந்தத் தமிழ் வீட்டுக்குப் புதியவை?

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரையும் பிள்ளையை, 'படம் சோறு போடுமா?' என்று அடக்கிவிடாதீர்கள். அது நியாயமான கவலையே. ஆயினும், 1960-இல் தொடங்கப்பெற்று, இப்போது குமார கிருபா சாலையில் உள்ள சித்திரகலா பரிஷத்தையும், சாந்தி நகர் இல்லத்தையும் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டிவிட்டுப் பின்னர் முடிவு செய்யுங்கள்.

மற்றொன்றும் உண்டு. நம் பாட்டிமார் இடும் சிக்குக் கோலத்தை, புள்ளிக் கணக்கோடு, இவ்விடுமுறையிலேயே பிள்ளைகள் கற்கட்டும். அடுக்குமாடி வீட்டில் வாசல் சிறிதாயினும் ஏழு புள்ளிக்கு இடம் இருக்கும். நாளை அயல்நாட்டுக் கலைக்கூடம் ஒன்று நம் பிள்ளையை அழைக்குமானால், அங்கே எடுத்துச் செல்ல அதுவே கைம்முதல். நம் கோலத்தை நம் பேரப்பிள்ளைகள் கண்ணாடிப் பேழையில் தேடும் நிலை வர வேண்டா.