அரியலூர் கடல் பிராணிக்கு ஒரு நாணயம்!

உங்கள் சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதா? ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

சில நாணயங்களில் காமராஜர் இருப்பார். சிலவற்றில் அண்ணா இருப்பார். 1995-ல் தஞ்சையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வள்ளுவர் நாணயம் வந்தது. 2010-ல் தஞ்சைப் பெரிய கோவில் நாணயம் வந்தது. மளிகைக் கடையிலும் பஸ்சிலும் அவை கைக்குக் கை மாறின.

இந்த வரிசையில் இன்னொரு படமும் வரவேண்டும் என்பது என் ஆசை. அது தலைவரின் படம் அல்ல. கோவிலின் படமும் அல்ல. சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூரில் நீந்திய ஒரு பிராணியின் படம்!

கடல் எங்கே?

"அரியலூரில் நீந்துவதா? அங்கே கடல் ஏது?" என்று கேட்பீர்கள்.

இருந்தது! இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் அன்று கடலுக்கு அடியில் கிடந்தன. அந்தக் கடலில் அம்மோனைட் என்ற பிராணி வாழ்ந்தது. அது கணவாய்க்கு உறவு. அதன் ஓடு ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டிருக்கும். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இனம் பூண்டோடு அழிந்தது. சேற்றில் புதைந்த ஓடுகள் கல்லாகிவிட்டன.

பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கற்களில் காணும் சக்கரமும் அம்மோனைட் ஓட்டின் சுவடுதான்.

மற்ற நாடுகளில்

இங்கிலாந்தில் மேரி ஆனிங் என்று ஒரு பெண் இருந்தார். ஏழைத் தச்சரின் மகள். கடற்கரையில் கல்லான எலும்புகளைத் தேடி எடுத்து விற்றுப் பிழைத்தார். 1847-ல் இறந்தார். 2021-ல் அவர் நினைவாக அந்நாட்டு நாணயசாலை மூன்று 50 பென்ஸ் நாணயங்களை வெளியிட்டது. மூன்றிலும் பழங்கால மிருகங்கள்! கனடா 2012-ல் வெளியிட்ட ராட்சத மிருக நாணயம் இருட்டில் ஒளிவிடும். அதில் மிருகத்தின் எலும்புக்கூடு தெரியும்.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையின் நூற்றாண்டுக்காக 1951-ல் ஒரு தபால் தலை வந்தது. அதில் இருந்தது ஸ்டெகோடான் என்ற பழங்கால யானை. விலை 2 அணா.

எலும்பு போயிற்று!

"கல்லுக்கு எதற்கு நாணயம்?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் இந்தக் கதையைக் கேட்கவேண்டும்.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் ஒரு ராட்சத மிருகத்தின் எலும்புகள் கிடைத்தன. கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம்! 1987-ல் விஞ்ஞானிகள் யாதகிரியும் அய்யாசாமியும் அதற்குப் பெயர் சூட்டினார்கள். 'பிருகத்காயோசாரஸ்', அதாவது பெருத்த உடல் கொண்ட பல்லி. பூமியில் நடந்த மிகப் பெரிய மிருகங்களில் ஒன்றாக இது இருக்கலாம்.

அந்த எலும்பு இன்று எங்கே? இல்லை! பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. அது எலும்புதானா, கல்லாகிப்போன மரமா என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். தொட்டுக் காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை. 2022-ல் வெளிவந்த பழைய புகைப்படங்கள்தான் சாட்சி.

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியைத் தோண்டியபோது உருண்டைக் கற்கள் வந்தன. "டைனோசர் முட்டை!" என்று ஊரே திரண்டது. நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். அவை முட்டை அல்ல, அம்மோனைட் படிந்த கற்கள் என்றார்கள். நம் மண்ணில் கிடைப்பது நமக்கே தெரியவில்லை!

தெரியாத பொருளை யார் காப்பாற்றுவார்கள்? சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை வெட்டும் ஊர் அது. சிமெண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகள் அதில்தான் நிற்கின்றன. ஆனால் அரைக்கும் இயந்திரத்துக்குக் கல் எது, பொக்கிஷம் எது என்று தெரியாது. மனிதனுக்குத்தான் தெரியவேண்டும்.

எப்படிப்பட்ட நாணயம்?

ராட்சத மிருகத்தையே போட்டால் என்ன? வேண்டாம். அதன் தலையை யாரும் கண்டதில்லை. வரைந்தால் பாதி கற்பனையாகத்தான் இருக்கும். அம்மோனைட்டின் ஓடோ கண்ணெதிரே இருக்கிறது. வட்ட நாணயத்துக்கு வட்ட ஓடு எவ்வளவு பொருத்தம்!

வெள்ளியில் செய்து பெட்டியில் பூட்டும் நாணயமும் வேண்டாம். அது பணக்காரரின் அலமாரிக்குப் போய்விடும். இதே அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில், 2025 ஜூலையில் ராஜேந்திர சோழன் நினைவு நாணயம் வெளியானது. பெருமைதான். ஆனால் எத்தனை பேர் கையில் தொட்டிருப்பார்கள்?

எனக்கு வேண்டியது சாதாரண ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயம். ஆடு மேய்க்கும் சிறுவன் கையில் அது இருக்கவேண்டும். காட்டில் ஒரு சுருண்ட கல்லைக் கண்டால், பையிலிருந்து நாணயத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். "அட, இதுதான் அது!" என்று ஆசிரியரிடம் ஓடவேண்டும்.

நாணயம் அடிப்பது மத்திய அரசாங்கத்தின் வேலை. கேட்பது நம் வேலை. அதுவரை ஒன்று செய்யுங்கள். அரியலூர் பக்கம் போனால் வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே இருக்கும் கல்லைக் காட்டிச் சொல்லுங்கள்:

"கண்ணே, இது நம் ஊர்க் கடலில் நீந்தியது!"