பீ வீ ரஸ்ஸலின் கரகரத்த நாதம்

கிளாரினெட் என்றால் பிசிறில்லாத, வழுவழுப்பான நாதம் என்று 1930-களில் பென்னி குட்மன் நிலைநாட்டிவிட்ட அபிப்பிராயம் ஜாஸ் ரசிகர்களின் செவியில் வெகு ஆழமாக ஊன்றிப்போய்விட்டபடியால், அதே காலத்தில் அதே வாத்தியத்தை வாசித்த பீ வீ ரஸ்ஸல் பலருக்கு அரைகுறை வித்வானாகவும், சோகம் கப்பிய நீண்ட முகத்தையுடைய ஒரு வேடிக்கை மனிதராகவுமே காட்சியளித்தார். இது பெரிய அநியாயம் என்பது என் கட்சி.

அவர் வாசிப்பதைக் கேட்பவர், கீழ் ஸ்தாயியில் முணுமுணுப்பாகத் தொடங்கும் ஒரு பிடி, நடுவிலே தொண்டையைக் கனைத்துக்கொண்டு உறுமி, ஸ்வரத்தின் நடுநிலையில் நில்லாமல் அதன் ஓரத்தை மட்டும் தொட்டு வளைந்து, இனி மீட்சியில்லை என்று நாம் தீர்மானிக்கும் க்ஷணத்தில் யாரும் எதிர்பாராத வேறொரு ஸ்வரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் அதிசயத்தைக் காண்பார். சாதகம் போதாமையால் விளைந்த கோளாறு இது என்று சொல்வோர், வேண்டிய இடத்தில் மூச்சோடு மூச்சாகத் தணிந்து மிருதுவாக ஒலிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்ததை மறந்துவிடுகிறார்கள். 1929-இல் கோல்மன் ஹாக்கின்ஸுடன் பதிவு செய்த 'ஒன் அவர்' என்ற இசைத்தட்டே இதற்குப் போதிய சாட்சி.

1906-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்து, இளமையில் பிக்ஸ் பைடர்பெக்கின் தோழராய் வாசித்த அவருக்குப் பிற்காலத்தில் பெருந்தீங்கு செய்தது 'டிக்ஸிலாண்ட்' என்ற பழைய பாணி ஜாஸின் முத்திரைதான். நியூயார்க்கில் எடி காண்டன் கோஷ்டியோடு இரவுதோறும் அதே பழைய உருப்படிகளையே வாசித்து வந்தவர், குடியினால் உடல் சீரழிந்து 1951-இல் மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டார். அந்தச் சமயத்தில் அவருடைய சிகிச்சைச் செலவுக்காகக் கச்சேரி செய்தவர்களில் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். அதற்குப் பிறகுதான் அவருடைய கல்பனைக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. 1962-இல் பியானோவே இல்லாத நால்வர் குழுவில் நவீன ஜாஸ்காரரான ஜான் கோல்ட்ரேனின் உருப்படியை எடுத்துக்கொண்டதும், மறு வருஷம் நியூபோர்ட் விழாவில் இன்னொரு நவீனரான தெலோனியஸ் மங்க்குடன் மேடையேறியதும், 'பழைய பாணிக்காரர்' என்று அவரை ஒதுக்கியவர்களை வாயடைக்கச் செய்திருக்க வேண்டும். ஆனால் விமரிசகர்கள் ஒட்டிய முத்திரையை அவ்வளவு சீக்கிரம் கிழித்துவிடுவார்களா?

1969-இல் காலமான அவருக்குச் சிஷ்ய பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் பெரிதாக அமையவில்லை. அவருடைய கரகரப்பை யாரும் காப்பியடித்துவிடலாம். அடுத்த ஸ்வரம் இன்னதென்று தாமே அறியாதவர்போல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிச் சென்ற அந்தத் துணிவை எந்தப் பள்ளியில் கற்றுக்கொடுப்பது? அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் காண்டன் கோஷ்டியின் ஆரவாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், 1957-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காக, தம்மைவிடப் பதினைந்து வயது இளையவரான ஜிம்மி ஜூஃப்ரியோடு, இரண்டு கிளாரினெட்டுகளும் கீழ் ஸ்தாயியிலேயே சம்பாஷிக்க அவர் வாசித்த மந்தகதி ப்ளூஸை முதலில் கேட்கட்டும்.