டெல்லியிலிருந்து ஷாங்காய்க்கு எத்தனை மணி நேரம்?

டெல்லிக்கும் ஷாங்காய்க்கும் இடையே நேர்த் தூரம் சுமார் 4,300 கி.மீ. நேரடி விமானம் என்றால் ஏறக்குறைய ஆறு மணி நேரப் பயணம். இரவு எட்டு மணி வாக்கில் டெல்லியில் கிளம்பினால், விடியற்காலையில் ஷாங்காய். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்துக்கொண்டால் போதும்.

2020 தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த வசதி இல்லாமல் இருந்தது. சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் என்று சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. சிங்கப்பூர் வழி என்றால், தென்கிழக்கே 4,150 கி.மீ. போய், அங்கிருந்து மறுபடி வடக்கே 3,800 கி.மீ. ஏற வேண்டும். வானத்தில் மட்டும் பதினோரு மணி நேரம். அடுத்த விமானத்துக்காகக் கைப்பையைத் தலைக்கு வைத்து நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் நேரம் தனிக்கணக்கு.

இந்தப் பாதையில் இயற்கையும் ஒரு சுற்றுப் போட்டிருக்கிறது. நேர்க்கோடு திபெத் பீடபூமியின் மேலே போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலிருந்து மஞ்சள் முகமூடி கீழே விழும். பெரும்பாலான விமானங்களில் அது கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்ஸிஜன் தரும். அதற்குள் விமானி பத்தாயிரம் அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4,000 மீட்டருக்கு மேல். இறங்க இடம் ஏது? அதனால்தான் விமானங்கள் தெற்கே ஒதுங்கி, மியான்மர், குன்மிங் பக்கமாகப் போகின்றன. திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்வான் காற்று எதிர்த்து நிற்பதால், பயணம் ஏழு மணி நேரத்தைத் தாண்டுகிறது.

மலையும் காற்றும் சேர்ந்து கூட்டுவது ஓரிரு மணி நேரம். அரசுகள் கூட்டியது அதைவிடப் பல மடங்கு.

நேரடி விமானம் நின்றுபோனதற்குக் காரணம் முதலில் கரோனா, அடுத்து 2020 ஜூனில் இந்திய – சீன எல்லையில் நடந்த கல்வான் மோதல். இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்த பிறகு, உறவு இறுகியதில் வியப்பில்லை. எல்லையில் விழிப்பு வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், 2021-இல் இரு நாட்டு வர்த்தகம் 12,500 கோடி டாலரைத் தொட்டது. சரக்குப் பெட்டிகள் தடையில்லாமல் வந்து போயின. மனிதர்கள்தான் ஊரைச் சுற்றினார்கள். பயணிகள் விமானத்தை நிறுத்திவைத்ததால் எல்லையில் எந்தப் பாதுகாப்பு கூடியது? சீனாவில் மருத்துவம் படித்த 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். விசா கிடைத்த பிறகும் நேரடி விமானம் இல்லை. கூடுதல் டிக்கெட் செலவைச் சுமந்தது கடன் வாங்கிப் படிக்கவைத்த பெற்றோர்தான்.

2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு விமானம் கிளம்பியது. நவம்பரில் ஷாங்காய் – டெல்லி சேவையும் திரும்பியது. வரவேற்கத்தக்க முடிவு. இத்தோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த முறை உறவில் கசப்பு வந்தாலும் பயணிகள் விமானத்தில் கை வைப்பதில்லை என்று இரு அரசுகளும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு மணி நேரத்தில் போகக்கூடிய ஊருக்கு ஒரு மாணவரை ஒரு நாள் முழுக்க அலையவிடுவது இனியும் வேண்டாம்.