நாயின் நாக்கும் பாலாற்றின் நீரும்

நாயை அழைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஓடுவதை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு இயல்பு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களில் அது அத்தனை எளிய செய்தி அன்று. உலகத்தின் கால்களுக்குக் காலணி செய்து அனுப்பும் பகுதி இது. ஓடுகிறவர் காலணிக்குள் பத்திரமாக இருக்கிறார். நாயோ மண்ணை வெறும் பாதத்தால் மிதிக்கிறது, வழியில் கிடைக்கும் நீரை நக்கிக் குடிக்கிறது. ஆகவே எங்கே ஓடுவது என்ற கேள்வி, நம் நிலம் என்ன நிலையில் இருக்கிறது என்ற கேள்வியாகவே முடிகிறது.

மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்க்கும் வரம் நாய்க்கு இல்லை. பாதத்தின் அடியில் மட்டும் சிறிது வியர்க்கும்; மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. துடிப்பான இளநாய் தானாக நிற்பதும் அரிது. வளர்த்தவர் ஓடும்வரை ஓடிச் சுருண்டு விழக்கூடியது. கோடையில் வேலூர் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடிப்பதும், நாய்க்கெனத் தனியே தண்ணீர் சுமப்பதும் கட்டாயம். அப்படியும் வழியில் ஒரு குட்டை தென்பட்டால், நாம் சுமந்துவந்த தண்ணீரை அது மதிப்பதில்லை.

ஏலகிரியும் ஜவ்வாது மலையும் அருகிலேயே இருக்க, மலைக்கே போய்விடலாமே என்று தோன்றும். அங்கும் ஒரு தடை உண்டு. அம்மலைக் காடுகள் முயலுக்கும் மானுக்கும் கரடிக்கும் உரியவை. முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை நாயை அங்கே அவிழ்த்துவிட்டு, துரத்தாதே என்பதில் பொருளில்லை. துரத்தல் மட்டுமல்ல, நோயும் போகும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தன. அவற்றுள் பலவற்றிடம் காணப்பட்டது, நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ். தடுப்பூசி போட்ட நாயாயினும் காட்டோரத்தில் அது வாரில்தான் இருக்க வேண்டும். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நாமே நுழையலாகாது.

அப்படியானால் நாயும் மனிதரும் தடையின்றி ஓடத்தக்க இடம் எது? பாலாற்று மணல்வெளியே என்பது நம் கருத்து. 348 கிலோமீட்டர் நீளமுள்ள பாலாறு, அதில் 222 கிலோமீட்டரைத் தமிழகத்தில் கடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மேலே வறண்டும் மணலுக்கடியில் நீர் சுமந்தும் கிடந்த ஆறு இது. மணலை லாரிகள் கொண்டுபோயின. எஞ்சிய நீரை உப்பும் ரசாயனமும் கெடுத்தன. ஆவாரம் பட்டை கொண்டு தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1970களில் பதப்படுத்தாத தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாகப் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் தரப்பட்டபின் குரோமியம் பெருகியது. தோல் அழுகாதிருக்கத் தடவும் உப்போ, ஊறவைக்கும் நீரோடு கரைந்து நிலத்தடிக்கே போய்ச் சேர்ந்தது.

இவை எவரும் அறியாதவை அல்ல. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இத்தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதென்ற கணக்கு பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. ஆயினும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டையும் ஆற்றின் மீட்பையும் மறுபடி வலியுறுத்த வேண்டியிருந்தது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகள். நாய்களின் ஆயுளில் இரண்டு தலைமுறைக்கும் மேல்.

ஆலைகளை மூடச் சொல்வதல்ல நம் நோக்கம். காலணித் தொழிற்சாலைகளின் தையல் எந்திரங்களில் அமர்ந்திருக்கும் பெண்களின் கூலியில்தான் இங்கே பல வீடுகளில் உலை கொதிக்கிறது. அவர்கள் வீட்டுக் குழாயிலும் ஆற்றிலும் வரும் நீர் எது என்பதே கேள்வி. சுத்திகரிப்பு பற்றிய அறிக்கைகள் அட்டவணைகளோடு வருகின்றன, அவை தேவையே. அவற்றுக்குப் பக்கத்தில் எளிய அளவுகோல் ஒன்றையும் வைக்கலாம்: ஓடிக் களைத்த நாய் பாலாற்றில் தலை குனியும்போது, வாரைப் பற்றி இழுக்காமல் நம்மால் நிற்க முடிகிறதா? அப்படி நிற்க முடிகிற நாளில் ஆறு மீண்டது என்று நம்பலாம். அதுவரை வாரைச் சற்று இறுக்கியே பிடித்திருக்க வேண்டியிருக்கிறது.