பெட்டி பிழைத்தது, குறியும் பிழைத்தது

வேட்டைக்குப் பயன்படும் காம்பவுண்ட் வில்லைத் தொலைதூரம் கொண்டுசெல்வதற்கென்று அமெரிக்காவில் கடினப் பெட்டிகள் விற்கிறார்கள். அவற்றின் உறுதியைச் சிலர் எப்படிச் சோதித்துக் காட்டுகிறார்கள் என்பதை இணையக் காணொளிகளில் பார்க்கலாம். பெட்டியைக் கூரையிலிருந்து கீழே எறிகிறார்கள். அதன்மேல் ஏறிக் குதிக்கிறார்கள். வண்டிச் சக்கரத்தை ஏற்றி இறக்குகிறார்கள். கடைசியில் தாழ்களைத் திறந்து வில்லை வெளியே எடுத்து, ஒரு கீறல்கூட இல்லை என்று காட்டி முடிக்கிறார்கள். பார்ப்பவரும் மனநிறைவோடு தலையசைத்துவிட்டுப் பெட்டியை வாங்கிவிடுகிறார்.

இது சோதனை அன்று, வேடிக்கை. நான் சொல்லவருவது இவ்வளவுதான்: வில்பெட்டியைச் சோதிக்கும் கருவி வில்லேயொழிய வண்டிச் சக்கரம் அன்று. பயணத்திற்கு முன் எய்த அம்பு எங்கே தைத்ததோ, பயணத்திற்குப் பின் எய்த அம்பும் அங்கேயே தைக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லாத எந்தச் சோதனையும், எத்தனை டன் எடையை ஏற்றிக் காட்டினாலும், வாங்குபவருக்குத் தேவையான எதையும் சொல்லிவிடவில்லை.

இலக்கியம் பேசும் நண்பர்கள் கூடும் இடத்தில் வேட்டைவில்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் வேட்டைக்காரன் அல்லன், கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை பொதுவாகக் குற்றமும்கூட. ஆனால் எது சான்று, எது சான்றுபோல வேடமிட்டு வருவது என்று பிரித்தறிவது இலக்கியம் படிப்பவனின் அன்றாட வேலை. போதாக்குறைக்கு, இந்த விஷயத்தின் முடிச்சே ஒரு தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. 'பிழைத்தல்' என்றால் உயிர் தப்புதல், குறி தவறுதலும் பிழைத்தல்தான். காணொளிக்காரர்கள் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். வில்லைப் பொறுத்தவரை கேட்கவேண்டியது இரண்டாம் பொருள்.

*

பழைய வில்லுக்கு இப்படி ஒரு பெட்டி ஏன் தேவைப்படவில்லை? வேலையில்லாத நேரத்தில் அது ஓய்வெடுத்தது என்பதுதான் காரணம். 'நாண் ஏற்றுதல்' என்று நாம் தனியாக ஒரு வினை வைத்திருப்பதே, ஏற்றாத நிலை ஒன்று அதற்கு உண்டு என்பதால்தான். நாணை இறக்கிவிட்டால் மரவில் இறுக்கம் நீங்கிய ஒரு கழி. துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கலாம். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பெரிய சேதமில்லை.

காம்பவுண்ட் வில்லுக்கு அந்த ஓய்வு கிடையாது. மிசௌரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வில்லின் இரு கைகளின் முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்கள் இருக்கும். இன்று அவற்றைக் கேம் என்கிறார்கள். நாணும் கேபிள்களும் அவற்றின்மேல் ஓடுகின்றன. இழுக்கும்போது 70 பவுண்டாகக் கனக்கும் நாண், முழுதும் இழுத்தபின் கேம்களின் திருப்பத்தால் 15, 20 பவுண்டு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எய்பவர் கை நடுங்காமல் குறிபார்த்து நிற்பது அதனால்தான்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நாணை இறக்க வேண்டுமென்றால் வில்லின் கைகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் என்ற தனிக்கருவி வேண்டும். எனவே பெட்டிக்குள் படுத்திருக்கும்போதும் வில் நாணேற்றிய நிலையில், இறுக்கத்தோடேதான் படுத்திருக்கிறது. அதன் கைப்பிடிச் சட்டத்திலிருந்து குறிகாட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நூலிழை போன்ற முட்கள். நாணுக்குள் பீப் என்னும் சிறு துளைவளையம். அம்பைத் தாங்க ஒரு நுட்பமான தாங்கி. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றோடொன்று இணங்கியிருப்பவை. இதைக் கழி என்பதைவிட வீணை என்பதே பொருந்தும். வீணையோடு ரயிலில் வந்திறங்கிய வித்வானிடம், பெட்டி உடையவில்லையே, பிறகென்ன என்று கேட்டுப் பாருங்கள். மீட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்பார்.

*

பயணத்தில் வில்லுக்கு நேரும் தீங்குகளில் கண்ணுக்குத் தெரிபவை குறைவு. மூடியை அழுத்தி மூடும்போது குறிகாட்டியின்மேல் பாரம் விழுந்து அது இம்மியளவு சாய்கிறது. அதிர்வில் ஒரு திருகு கால்சுற்றுத் தளர்கிறது. பக்கவாட்டில் விழுந்த அடியில் கேம் சற்றே சாய்கிறது அல்லது நாண் தன் பள்ளத்திலிருந்து நழுவுகிறது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கருப்புப் பெட்டி கொதிக்க, செயற்கை இழையால் ஆன நாண் இறுக்கத்திலேயே கிடந்து சிறிது நீள்கிறது. கேம்களின் ஒத்திசைவு மாறுகிறது, பீப் வளையம் திரும்பிக்கொள்கிறது. இவற்றில் எதுவும் கீறலாகத் தெரியாது.

நொடிக்கு 300 அடி வேகத்தில் அம்பை எறியும் வில், அந்த அதிர்ச்சியையே தாங்குகிறதே, பயணத்தின் குலுக்கல் என்ன செய்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எய்யும்போது எழும் விசை, வில் எந்தத் திசைக்கென்று வடிவமைக்கப்பட்டதோ அந்தத் திசையில் செல்வது. விமான நிலையத்தில் மேலே வந்து விழும் இன்னொரு பெட்டியின் விசை பக்கத்திலிருந்து வருவது. கதவு நாள்தோறும் நூறுமுறை திறந்து மூடும். அதற்காகக் கீல்மேல் ஏறி நிற்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

இம்மியளவு என்றேனே, அது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். எய்பவரின் கண்ணுக்கும் குறிமுள்ளுக்கும் உள்ள தூரம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மான் 32 மீட்டர் தொலைவில் நிற்கிறது. இது அதைப்போல் 40 மடங்கு. ஆகவே முள் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் அம்பு 4 சென்டிமீட்டர் விலகும். 3 மில்லிமீட்டர் நகர்ந்தால் 12 சென்டிமீட்டர். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் குறுக்களவு ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். கைதேர்ந்த வில்லாளி நடுமையத்தைக் குறிவைத்து எய்தாலும் அம்பு அந்த வட்டத்தின் விளிம்பிலோ வெளியிலோ போய் நிற்கும்.

இங்கேதான் விஷயம் பெட்டி வியாபாரத்தைத் தாண்டுகிறது. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் சேர்ந்து கொல்லும். அம்பு இரத்தப்போக்கினால் கொல்கிறது. இதயத்திலோ நுரையீரலிலோ தைத்தால் விலங்கு விரைவில் வீழும். சற்றுப் பின்னே விலகிக் குடலில் தைத்தால் அது ஓடிப்போய் எங்கோ புதரில் படுத்து, பல மணிநேரம் துடித்துச் சாகும். அப்படிப்பட்ட காயம் என்று தெரிந்தால் உடனே பின்தொடராமல் மணிக்கணக்கில் காத்திருந்தே தடம் தேடவேண்டும் என்பது வில்வேட்டைக்காரர்களிடையே நிலவும் விதி. அந்த மணிகள் முழுதும் விலங்கின் கணக்கில் சேருகின்றன.

காகிதக் குறியில் எய்பவரின் நிலை வேறு. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்தியர்களே வென்றார்கள். அவர்களும் வில்லைப் பெட்டியில்தான் கொண்டுபோகிறார்கள். அவர்களின் குறிகாட்டி நகர்ந்திருந்தால் பயிற்சி எய்தலிலேயே தெரிந்துவிடும், திருத்திக்கொள்வார்கள். மிஞ்சிப்போனால் சில புள்ளிகள் போகும். காகிதத்துக்கு வலி கிடையாது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. பெட்டி விற்பவர்களுக்கு இது மிகவும் வசதியான பழமொழி. குறி தவறினால் பழி எய்தவர்மேல் விழுந்துவிடும். பெட்டியை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

*

எங்கள் பெட்டி தரநிர்ணயச் சோதனைகளில் தேறியது என்று பதில் வரும். அந்தச் சோதனைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். ஐபி67 என்றால் தூசி புகாது, 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தீங்கு நேருமளவுக்கு நீர் உள்ளே வராது என்று பொருள். நல்லதுதான். ஆனால் மூடி குறிகாட்டியை அழுத்துகிறதா என்பதற்கு அதில் விடையில்லை. நீர் புகாத பெட்டிக்குள்ளும் வில் தாராளமாகக் கோணலாம்.

மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க இராணுவத் தரத்தைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு மூலைகள் என்று மொத்தம் 26 முறை, ஆள் தூக்கிச் செல்லும் எடையுள்ள பொருளானால் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுவது அதன் புகழ்பெற்ற சோதனை. வண்டி ஏற்றுவதைவிட இது நூறுமடங்கு அறிவார்ந்தது. ஏனென்றால் பெட்டிகள் உண்மையில் விழும் விதம் அதுதான். ஆனால் அந்தச் சோதனையின் நோக்கமே, உள்ளே இருக்கும் கருவி விழுந்தபின்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. பெட்டிக்காரர்கள் 26 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு நோக்கத்தைக் கழற்றிவிடுகிறார்கள். பதவுரை முழுவதையும் ஒப்பித்துவிட்டுக் கருத்தைக் கேட்டால் விழிக்கும் மாணவனைப் போல.

அப்படியானால் எப்படித்தான் சோதிப்பது? என் பரிந்துரை இது. மனிதக் கையின் தடுமாற்றம் கலக்காதபடி எய்யும் இயந்திரத்தில் வில்லைப் பொருத்தி, 30 மீட்டரில் ஒரு தொகுதி அம்புகளை எய்து, அவை தைத்த மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேம்களின் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பயணி எப்படி நிறைப்பாரோ அப்படி, அம்புகளும் துணிமணிகளும் சேர்த்துப் பெட்டியை நிறையுங்கள். 26 முறை போடுங்கள். கற்சாலையில் வண்டியின் பின்தட்டில் வைத்து ஒருநாள் ஓட்டுங்கள். ஒருநாள் முழுக்க வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விடுங்கள்.

இன்னொன்றும் வேண்டும், இதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை. அமெரிக்க விமானங்களில் வில்லைக் கைப்பையோடு கொண்டுபோக முடியாது, சரக்கறைக்குத்தான் செல்லவேண்டும். துப்பாக்கிப் பெட்டியின் சாவி பயணியிடமே இருக்கவேண்டும் என்பது விதி. வில் துப்பாக்கி அன்று என்பதால், பாதுகாப்பு ஊழியர் உரியவர் இல்லாதபோதும் பெட்டியைத் திறந்து பார்த்து மூடலாம். எனவே வில்லையே தொட்டறியாத ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கி மூடச் சொல்லுங்கள். நல்ல பெட்டி என்பது தெரியாதவர் அடுக்கினாலும் வில்லைச் சரியான இடத்தில்தான் படுக்கவைக்கும்.

பிறகு, ஒரு திருகையும் தொடாமல், மறுபடி எய்யுங்கள். வீட்டிலேயே இருந்த இன்னொரு வில்லையும் அதே நாள்களில் எய்து ஒப்பிடுங்கள். பருவநிலையால் வந்த மாற்றம் பெட்டியின் கணக்கில் சேராமல் இருக்க அது தேவை. இரு மையங்களுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர்? அந்த எண்ணைப் பெட்டியின்மேல் அச்சிடுங்கள்.

*

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வேட்டை முகாமுக்குப் போனதும் இரண்டு அம்பு எய்து பார்த்துக்கொள்வது வில்லாளியின் கடமை, பெட்டியை ஏன் குறைசொல்ல வேண்டும் என்பது. கடமைதான், ஒப்புக்கொள்கிறேன். எய்து பார்க்காமல் காட்டுக்குள் போகிறவர் வில்லைத் தூக்கவே தகுதியற்றவர். ஆனால் குறிகாட்டி நகர்ந்திருந்தால் சிறு சாவியால் சரிசெய்யலாம். கேம்களின் ஒத்திசைவு கெட்டிருந்தால் பிரஸ் வேண்டும். மலைமுகாமில் அதற்கு எங்கே போவது? அதோடு, வாங்குபவர் கடைசியில் கண்டுபிடித்துக்கொள்வார் என்பது சோதனையைத் தட்டிக்கழிப்பதற்குக் காரணம் ஆகாது. மெய்ப்புத் திருத்தாமல் நூலை அச்சிட்டுவிட்டு, வாசகர் பிழையைத் திருத்திப் படித்துக்கொள்வார் என்று சொல்லும் பதிப்பகத்தை நாம் என்ன சொல்வோம்?

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். வேட்டையே கொடுமை, அதற்கு நல்ல பெட்டி ஒரு கேடா? வேட்டை கூடாது என்று வாதிடுபவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அங்கே அது சட்டப்படி நடக்கிறது. நாளையும் நடக்கும். நடக்கும் வரையில், அம்பு படும் விலங்கு விரைவில் சாகிறதா, நாள்முழுதும் துடிக்கிறதா என்பது பொருட்டில்லை என்று கருணையின் பெயரால் சொல்ல முடியாது.

நம் சுவடிகளை இரு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினார்கள். பலகை வழவழப்பாக, கயிறு இறுக்கமாக இருக்கும். அவிழ்த்தால் உள்ளே செல்லரித்த ஏடுகள். சுவடி தேடி ஊர்ஊராகப் போன உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பலகையைத் தட்டிப் பார்த்துத் திரும்பியிருந்தால் நம் பாடத்திட்டம் பாதி காலியாகியிருக்கும். அவிழ்த்தார்கள், படித்தார்கள், விட்டுப்போன எழுத்துகளை எண்ணினார்கள். காப்பு என்பதன் அளவுகோல் உள்ளே இருப்பதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே பெட்டியை மதிப்பிட்டு எழுதும், காணொளி எடுக்கும் எவரிடமும் நான் கேட்பது ஒன்றே. அடுத்தமுறை வண்டியை ஏற்றியபின் வில்லை உயர்த்திக் காட்டுவதோடு நிற்காதீர்கள். அதே வில்லால், அதே இடத்தில் நின்று ஓர் அம்பு எய்யுங்கள். அது எங்கே தைக்கிறது என்பதைக் காட்டும் துணிச்சல் இல்லையென்றால், சோதனை என்ற சொல்லையாவது விட்டுவிடுங்கள்.