படிக்கட்டைத் திருப்பிப் போட்டால் போதுமா?

வடகொரியாவுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்தால் ஒரே கதைதான். இறங்கியதுமே இரண்டு வழிகாட்டிகள் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் இல்லாமல் ஓட்டலை விட்டுத் தெருவில் கால் வைக்க முடியாது. பியோங்யாங்கில் மன்சு மலைக்கு ஏறணும். கிம் இல் சுங், கிம் ஜோங் இல் வெண்கலச் சிலைகளுக்குப் பூ வைத்துக் குனியணும். போட்டோ எடுத்தால் சிலை முழுசாய் விழணும். கை கால் வெட்டுப்படக் கூடாது. அப்புறம் சுரங்க ரயில், பிள்ளைகள் ஆடிப் பாடும் மாளிகை. கொரோனாவுக்காக 2020 ஜனவரியில் மூடிய எல்லையை 2024 பிப்ரவரியில் ருஷ்யப் பயணிகளுக்குத் திறந்தபோதும் இதே வழிகாட்டி ஏற்பாடுதான்.

போய் வந்தவர்கள் 'எல்லாம் நாடகம்' என்று சிரிக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டுகிற தெரு, காட்டாத தெரு என்று பிரிக்கிற வேலை நமக்குப் பழக்கமானது. நம்ம பக்கம் வருகிற வெள்ளைக்காரருக்குக் கோபுரத்தைக் காட்டுவாங்க, தேரைக் காட்டுவாங்க. தேர் வராத தெருவைக் காட்டுவாங்களா? 2020 பிப்ரவரியில் டிரம்ப் வருகிறார் என்று அகமதாபாத்தில் குடிசைகளுக்கு முன்னால் சுவரே எழுப்பினார்கள்.

ஆகவே, நாடகமா நிஜமா என்பதல்ல நம் கேள்வி. காட்டாத பக்கம் யார் இருக்கிறார்கள்?

அங்கே 'சோங்பூன்' என்று ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரன் ஆட்சியிலும் கொரியப் போரிலும் உன் தாத்தா யாராக இருந்தார், எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்து முத்திரை குத்துவது. விசுவாசிகள், ஊசலாடுபவர்கள், பகைவர்கள் என்று மூன்று அடுக்கு. அதற்குள் ஐம்பதுக்கு மேல் உட்பிரிவு. அப்பன் வழியாய்ப் பிள்ளைக்கு இறங்கும். படிப்பு, வேலை, கட்சி உறுப்பினர் அட்டை, கல்யாணம் எல்லாம் அதைப் பார்த்துத்தான். தலைநகரில் குடியிருக்கத் தனி அனுமதி வேண்டும். கீழ் அடுக்குக்கு அது கிடைப்பது அரிது. பயணி பார்க்கிற முகங்கள் சலித்தெடுத்த முகங்கள். 1990களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். கீழ் அடுக்கினர் அதிகம் வாழ்ந்த வடகிழக்கு ஹம்கியோங் மாகாணங்கள்தான் மோசமாய் அடிபட்டன. ஐ.நா. விசாரணைக் குழுவின் 2014 அறிக்கையில் இதெல்லாம் விரிவாய் இருக்கிறது. சந்தையும் லஞ்சமும் வந்தபின் சோங்பூனின் பிடி ஓரளவு தளர்ந்ததையும் அதே அறிக்கை சொல்கிறது.

இங்கே ஒரு தோழர் குறுக்கே கேட்பார்: 'மேலே வைத்தது கூலிக்காரன், ஏழை விவசாயி வம்சத்தை. கீழே தள்ளியது நிலப்பிரபு வம்சத்தை. உனக்கு ஏன்யா வலிக்குது?'

நியாயமான கேள்வி. பண்ணையார் நிலத்தைப் பிடுங்கினால் நமக்கு வலிக்காது, கைதட்டுவோம். ஆனால் பண்ணையாரின் பேத்தி, நிலத்தையே பார்க்காதவள், பிறந்த குற்றத்துக்காகச் சுரங்கத்தில் கிடப்பாள், அவள் பெற்றதும் அங்கேயே கிடக்கும் என்றால், அதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் என்ன? போன பிறவிப் பாவம் என்று மனு சொன்னான். தாத்தன் செய்த பாவம் என்று இவர்கள் சொல்கிறார்கள். மொழி மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

கொரியாவுக்கு இது புதுசும் இல்லை. அங்கேயும் மாடு அறுத்தவர்களை, தோல் வேலை செய்தவர்களை, கூடை முடைந்தவர்களை 'பேக்ஜோங்' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1894இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள், ஊர் ஒழிக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. 1923இல், இன்று தென்கொரியாவில் இருக்கிற ஜின்ஜு நகரில், 'ஹியோங்பியோங்சா' என்ற இயக்கம் கட்டினார்கள். தராசு சமமாய் நிற்பது என்கிற அர்த்தம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. எதிர்த்தட்டைக் கீழே அமுக்கணும் என்று அவர்கள் கேட்கவில்லை. சமமாய் நிறுத்தச் சொன்னார்கள்.

படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது மேல்படியில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பற்றி மட்டுமல்ல, படியைப் பற்றியே. படிக்கட்டைத் தலைகீழாய் நட்டாலும் படி படிதான். கடைசிப் படியில் ஒருத்தன் நசுங்கிக்கொண்டுதான் இருப்பான். அவன் இருக்கிற தெருவுக்கு எந்த வழிகாட்டியும் கூட்டிப் போக மாட்டான். அங்கேயும் சரி, இங்கேயும் சரி.