விபத்து முடிந்தாலும் பயம் முடிவதில்லை

மழை பொய்த்தால் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி கரிசல் பூமிக்குச் சோறு போடுவது தீப்பெட்டியும் பட்டாசும்தான். அதற்கு விலையும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இன்னொரு விபத்து.

இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. தீக்காயத்துக்கு வார்டு உண்டு. தப்பியவரின் பயத்துக்கு என்ன உண்டு? கதவு அறைந்தாலே நடுங்குவதும், தூக்கத்தில் அலறுவதும் மாதக்கணக்கில் நீடித்தால் அது கோழைத்தனம் அல்ல, பி.டி.எஸ்.டி. என்ற நோயாக இருக்கலாம். ஊரில் 'பயந்த கோளாறு' என்று விபூதி போடுவதோடு சரி!

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. பயிற்சி பெற்றவரிடம் நடந்ததை மெல்ல மெல்லப் பேசித் தெளியும் உளவியல் சிகிச்சையே முதன்மையானது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உதவும், ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒத்துவராவிட்டால் மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். பத்தே நாளில் 'கேட்கவில்லை' என்று தானாக நிறுத்துவது தவறு. பழக்கமாகிவிடக்கூடிய தூக்க மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்குவது அதைவிடத் தவறு.

சரியான மருந்தைக் கண்டுபிடிக்கப் பலமுறை போய்வர வேண்டும். தினக்கூலிக்காரர் எத்தனை நாள் வேலையை விடுவார்? 14416 என்ற இலவச மனநல உதவி எண் நல்ல தொடக்கம். ஆனால் நிவாரணக் காசோலை வீடு தேடி வருவதுபோல, இந்தச் சிகிச்சையும் தொழிலாளியின் ஊர்ப்பக்கம் வர வேண்டும்.